எஸ்பெரி: வேர் பழசு, விகுதி புதுசு

கேள்வி: ஐயா, என் பேத்தி போனில் எஸ்பெராந்தோ என்ற மொழி படிக்கிறாள். அதில் 'எஸ்பெரி' என்றால் நம்பிக்கையோடு எதிர்பார்ப்பதாம். இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிரெஞ்சு 'எஸ்பேரே'தானே? இருக்கும் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு அதைப் புது மொழி என்று எப்படிச் சொல்வது?
– வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: வேரைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, அம்மா. லத்தீன் 'ஸ்பெராரே'தான் மூலம். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் முன்னால் ஒரு 'எ' ஒட்டிக்கொண்டது, அந்த வடிவத்தைத்தான் எஸ்பெராந்தோவை உருவாக்கிய ஜாமென்ஹோஃப் எடுத்தார். பியாவிஸ்தோக் என்ற ஊரில் 1859இல் பிறந்த கண் மருத்துவர் அவர். ஐரோப்பியர் பலருக்குப் பார்த்ததும் புரியட்டும் என்றே பழகிய வேர்களைத் தேர்ந்தெடுத்தார்.

அவருடைய சொந்த வேலை விகுதியில் இருக்கிறது. எஸ்பெரஸ் நிகழ்காலம், எஸ்பெரிஸ் இறந்தகாலம், எஸ்பெரோஸ் எதிர்காலம். நான், நீ, அவர்கள் யாராக இருந்தாலும் வினை மாறாது. பிரெஞ்சு வினைகளை மனப்பாடம் செய்து அழுத பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் கிரியோல் பேசும் நமக்கு இது பழக்கமானதுதான்: மோ மான்ஸே, தோ மான்ஸே, லி மான்ஸே (நான், நீ, அவர் சாப்பிடுவது).

அப்புறம், மொழியின் பெயரையே பிரித்துப் பாருங்கள். எஸ்பெர்-அந்த்-ஓ. நம்பு-கிற-வர். நடுவில் நிகழ்காலம், கடைசியில் பெயராக்கும் விகுதி. தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இந்த அடுக்கு சட்டென்று பிடிபடும், எனக்கு இந்த மொழி மேல் ஆசை வந்ததே இதனால்தான். 'அந்த்' இருக்கும் இடத்தில் 'இந்த்' போட்டால் நம்பியவர், 'ஒந்த்' போட்டால் இனி நம்பப்போகிறவர். 1887இல் வார்சாவில் முதல் நூல் வந்தபோது 'டாக்டர் எஸ்பெராந்தோ' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். மொழிக்கு அவர் வைத்த பெயர் 'சர்வதேச மொழி', ஆனால் புனைபெயர்தான் நிலைத்தது.

பொருளில் மட்டும் பேத்தி கவனமாக இருக்கட்டும். நம் 'நம்பு' பல வேலை செய்யும். எஸ்பெராந்தோவில் உண்மை என்று ஏற்பது 'கிரெதி', ஒருவர் மேல் நம்பிக்கை வைப்பது 'ஃபீதி', நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பது 'எஸ்பெரி'. ஸ்பானிஷ் 'எஸ்பெரார்' காத்திருப்பதையும் சேர்த்துச் சொல்லும், இங்கே அதற்குத் தனியாக 'அதெந்தி' உண்டு. முன்னால் 'மல்' சேர்த்து 'மலெஸ்பெரி' என்றால் நம்பிக்கை இழப்பது. அவள் 'சாமியை நம்புகிறேன்' என்று எழுத 'எஸ்பெரஸ்' போட்டிருந்தால், அதை அடித்துவிட்டு 'ஃபீதஸ்' போடச் சொல்லுங்கள்.