கால் நனையாமல் கடல் சேர முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்த் யார்க் மூர்ஸ் மேட்டுநிலத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து கடலோரம் சேரும் லைக் வேக் நடையைப் பற்றி இம்முறை நிறையக் கேள்விகள் வந்துள்ளன.

ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடிய தூரமா இது? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? (லீட்ஸ் வாசகர்)

முடியும். பில் கௌலி என்ற யார்க்‌ஷர் விவசாயி 1955இல் விடுத்த சவால்தான் இது: ஆஸ்மதர்லி ஊருக்கு அருகே தொடங்கி ரேவன்ஸ்கார் வரை 40 மைல், அதாவது சுமார் 64 கிலோமீட்டரை, 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். மலை நடைக்காரர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். வழி நெடுக உள்ள ஏற்றங்களைக் கூட்டினால் ஏறக்குறைய 1,500 மீட்டர் வரும். ஆக, பதினைந்தே கால் மணி நேரம். சாப்பாடு, சாக்ஸ் மாற்றுவது, சேற்றில் தடவிப் போவது எல்லாம் சேர்ந்தால் 17 அல்லது 18 ஆகும்.

ஜூன் கடைசியில் அங்கே காலை நாலரைக்கு விடிந்து இரவு ஒன்பதரைக்கு மேல்தான் இருட்டும். மூன்றரை மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் கிளம்புங்கள். முதல் பகுதி கிளீவ்லண்ட் வே என்ற தேசிய நடைபாதையோடு சேர்ந்து போவதால் பாதை தெளிவாக இருக்கும். இருட்டில் நடக்க ஏற்றது அதுதான். வழியின் பிற்பாதியில் வரும் ஹேமர் என்ற இடத்தைத் தாண்டிய சதுப்பை இருட்டில் கடக்கும்படி திட்டம் போடாதீர்கள்.

சதுப்பில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது? போன வருடம் தொடை வரை இறங்கிவிட்டேன். (மிடில்ஸ்பரோ வாசகர்)

செடியைப் பாருங்கள், அடியில் என்ன இருக்கிறதென்று அதுவே சொல்லும். கருஞ்சிவப்புத் தண்டோடு குட்டையாக அடர்ந்திருக்கும் ஹெதர் புதர், வேர் பிடித்த உலர்ந்த மண்ணில் வளர்வது. அதன் அடிப்பகுதியை ஒட்டி மிதிக்கலாம். வெள்ளைப் பஞ்சு முடிச்சு ஆடும் பஞ்சுப்புல் இருந்தால் ஈரம் நிச்சயம். கணுக்கால் வரை போகும் என்று எண்ணிக்கொண்டு மெதுவாக வையுங்கள். பளபளவென்று இளம்பச்சையாக, மெத்தை விரித்தாற்போல் தெரிவது ஸ்பாக்னம் பாசி. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்திருக்கும் பாசி அது. பார்க்க அழகான அந்த இடத்தில்தான் ஆள் இறங்குவார். செடியே இல்லாத வழவழப்பான கறுப்புப் பரப்பு, பீட் என்கிற மக்கிய கரிமண். வெயிலில் மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தாலும் உள்ளே கூழ். சந்தேகம் வந்தால் கைத்தடியால் குத்திப் பாருங்கள். ஒரு சாண் போய் நின்றால் நடக்கலாம், நிற்காமல் போனால் சுற்றிப் போங்கள்.

கால் மாட்டிக்கொண்டால் மற்றக் காலை ஊன்றி இழுக்காதீர்கள், அதுவும் புதையும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, உடல் எடையைப் பரப்பி, குதிகாலை முதலில் தூக்கிக் காலை ஆட்டி ஆட்டி வெளியே எடுங்கள். ஷூவைச் சேறு கவ்விப் பிடிப்பதற்குக் காரணம் அடியில் காற்றுப் போக வழியில்லாததுதான். ஆட்டும்போது பக்கவாட்டில் இடைவெளி கிடைத்துப் பிடி விடும். லேஸ் தளர்வாக இருந்தால் கால் மட்டும் வெளியே வந்து ஷூ உள்ளே தங்கிவிடும்.

இன்னொன்று: கிளம்பும் நாளின் வானிலையை மட்டும் பார்த்துப் பயனில்லை. பீட் நீரை மெல்லத்தான் விடும். முந்தின வாரம் மழை பெய்திருந்தால், அன்று வெயிலடித்தாலும் சதுப்பு நிறைந்தே இருக்கும்.

நீர் புகாத பூட்ஸ் வாங்கினால் போதுமா?

போதாது. தண்ணீர் மேல்வழியாக உள்ளே வந்துவிட்டால் அந்த பூட்ஸ் அதை வெளியே விடாது. மீதி நாள் முழுக்கக் கால் ஊறிக்கொண்டே இருக்கும். ஷூவின் மேல்வாயை மூடும் கெய்ட்டர் என்ற கால் உறையை முழங்கால் வரை கட்டுங்கள். கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி, பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். குதிகாலிலும் விரல்களிலும் கிளம்பும் முன்பே டேப் ஒட்டிவிடுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஈரத்தோலில் டேப் ஒட்டாது.

பலரும் ஏமாறும் இடம், வழியின் முதல் பாதியில் புளோவொர்த் கிராஸிங்கிலிருந்து பிளேக்கி வரை. 1929இல் மூடப்பட்ட ரோஸ்டேல் இரும்புத்தாது ரயில்பாதையின் தடம் அது. சமதளம், சேறு கிடையாது. சந்தோஷத்தில் வேகம் பிடிப்பார்கள். அதுவரை நனைந்த கால் அந்தக் கடினத் தரையில்தான் உரிகிறது. தடத்தில் ஏறுமுன் உட்கார்ந்து, காலைத் துடைத்து, பத்து நிமிடம் காற்றுப் படவிட்டு, புது சாக்ஸ் போடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்களில் நிறையப் பேர் மாலையில் நொண்டுகிறார்கள்.

புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா?

காலைச் சாப்பாட்டுக்குத் தாராளமாக. வடித்த சாதத்தை உடனே ஆறவிட்டுக் கலந்து, கிளம்பிய நாலைந்து மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மாலை வரை வைத்திருக்க வேண்டாம். அதன்பின் மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்புப் போட்ட வேர்க்கடலை. பசித்த பிறகு சாப்பிடுவது தாமதம். தண்ணீர் 2 லிட்டர் சுமந்து, பாதி வழியில் பிளேக்கியிலுள்ள லயன் விடுதியில் நிரப்புங்கள். திறக்கும் நேரத்தை முன்பே விசாரித்துவிடுங்கள். ஓடை நீர் ஆடு மேயும் இடத்திலிருந்து வருகிறது. காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

நடுவில் முடியாமல் போனால்?

சாலை குறுக்கிடும் இடங்களில் விலகுவதுதான் எளிது. முக்கியமானவை: கிளே பேங்க், பிளேக்கி, ஹேமர், எல்லர் பெக், கடைசியாக ஜக்கர் ஹோ. கார் வைத்திருக்கும் நண்பரிடம் இந்தப் பெயர்களையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். ஹேமருக்கு மாலை ஐந்துக்குள் வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்து வரும் வீல்டேல் மூர் பாதை மங்கும் இடம், அதன் முடிவில் ஓடையைக் கல் தாண்டிக் கடக்க வேண்டும். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ஓஎல் 26, ஓஎல் 27 என்ற இரண்டு வரைபடங்களும் காம்பஸும் கையில் வேண்டும். போனில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆபத்தில் விசில் நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி. சிக்னல் இருந்தால் 999 அழைத்து, போலீஸ் வழியாக மலை மீட்புக் குழுவைக் கேளுங்கள்.

முடிவில் கடலில் கால் நனைக்கலாமா?

ரேவன்ஸ்கார் செங்குத்தான பாறை முகட்டில் இருக்கிறது, கடல் வெகு கீழே. ஜக்கர் ஹோ பள்ளத்தில் இறங்கி ஏறியதும் எதிரே ரேடியோ கோபுரம் தெரியும். கிட்டத்தில் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் இன்னும் ஒரு மணி நேர நடை இருக்கிறது. கடைசிச் சாக்லேட்டை அங்கே பிரியுங்கள். கார் கோபுரத்தடியில் காத்திருக்கட்டும், உலர்ந்த செருப்போடு.