மலை வேட்டைக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்: 65 மி.மீ.யா, 85 மி.மீ.யா?

நியூசிலாந்தின் தெற்கு ஆல்ப்ஸில் தார் எனும் மலையாட்டு வேட்டை, எல்லாவற்றையும் முதுகில் சுமந்தே ஏற வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால், முக்காலியில் வைத்துப் பார்க்கும் இந்தத் தொலைநோக்கியில் முன்லென்ஸ் விட்டம் 65 மி.மீ. உள்ளதுதான். 85 பெரும்பாலும் சில நூறு கிராமாவது கூடக் கனக்கும். அதைத் தாங்கும் முக்காலியும் கனம். அந்தி வெளிச்சத்தில் 85 ஒரு படி மேல், மறுக்கவில்லை.

“60 மடங்கு உருப்பெருக்கம்” என்ற விளம்பரத்தில் மயங்காதீர்கள். லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள்: 65 மி.மீ. கருவியில் 60 மடங்கு வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 1.1 மி.மீ.தான், காட்சி மங்கிவிடும்; 30 மடங்கில் 2.2. மடங்கு கூடினால் இன்னொரு தொல்லை: சிங்கப்பூரின் சுங்கை புலோ சதுப்புநிலத்தில் வெயில் ஏறியபின் சேற்றுத்திட்டைப் பார்த்தால் உள்ளான் பறவைகளின் கால்கள் கரைவதுபோல் நெளியும். சூடான காற்றின் வேலை. 40 மடங்குக்கு மேல் நான் திருகுவதே இல்லை. மலைச்சரிவிலும் இதே கதைதான்.

அப்புறம், காற்றடித்தால் பையை முக்காலியின் நடுத்தண்டில் தொங்கவிடுங்கள்.