கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வளையமா?

கேள்வி: எனக்கு வயது 28. ஆணுறுப்பில் வளையம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பச்சை குத்தும் கடை வைத்திருக்கும் நண்பன், ‘காது குத்துற துப்பாக்கியிலேயே அஞ்சு நிமிஷத்துல போட்டுடலாம்’ என்கிறான். இதில் என்னென்ன வகை, எது நல்லது? இன்னும் இரண்டு மாதத்தில் எனக்குத் திருமணம்.
பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, முதலில் அந்தத் துப்பாக்கியை மறந்துவிடுங்கள். காது மடலுக்கென்று செய்த கருவி அது. மொண்ணையான தோட்டை விசையில் அடித்து இறக்கும், சதை நசுங்கும். பிளாஸ்டிக் பாகங்கள் இருப்பதால் அதை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிக் கருவியில் வைத்துக் கிருமி நீக்கவும் முடியாது. முந்தைய ஆளின் இரத்தம் துளி ஒட்டியிருந்தாலும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி உங்களுக்குத் தொற்றலாம். இந்த இடத்துக்கு, உங்கள் கண்ணெதிரே உறை பிரித்து எடுக்கும் புது ஊசிதான் வேண்டும். அதோடு, இதே வேலையைப் பலமுறை செய்த கை வேண்டும். பச்சை குத்தத் தெரிந்தவருக்கெல்லாம் இது தெரியும் என்று நினைக்காதீர்கள்.

ஆசைப்பட்டதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. போர்னியோ தீவின் தயாக் மக்களிடம் பழங்காலம் முதலே இந்த வழக்கம் இருந்தது. தெற்கத்திக்காரர்கள் குழந்தைக்குக் காது குத்துவது போல ஆணுறுப்பிலும் குத்திக்கொள்வார்கள் என்று காமசூத்திரத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. ஆனால் குத்திய இரவே உறவு கொள்ளவும் அது சொல்கிறது. அதை நம்பி யாரும் செய்துவிடக் கூடாது, பச்சைப் புண் அது.

சரி, வகைகளுக்கு வருவோம். தண்டின் அடிப்பக்கத் தோலை மட்டும் பிடித்துக் குத்துவது ஃப்ரீனம். ஆழம் குறைவு, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் ஆறிவிடும். விதைப்பைத் தோலிலும் முன்தோலிலும்கூடப் போடுகிறார்கள். அதிகம் பேசப்படுவது பிரின்ஸ் ஆல்பர்ட். வளையம் சிறுநீர்த் துவாரத்தின் வழியே நுழைந்து, மொட்டின் அடியில் வெளியே வரும். விக்டோரியா ராணியின் கணவர் போட்டிருந்தார் என்ற கதைக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. முதல் சில நாள் இரத்தம் கசியும், சிறுநீர் கழிக்கும்போது எரியும். ஆறின பிறகும் சிறுநீர் அடித்துளை வழியே சிதறுவதால், உட்கார்ந்து போகப் பழகவேண்டி வரலாம். மொட்டுக்குள்ளேயே கம்பி பாய்வது ஆம்பலாங், அபத்ராவ்யா. ஒன்று குறுக்காக, மற்றது மேலிருந்து கீழாக. இரத்தம் நிறைந்த சதை அது. ஆற ஆறு மாதமோ அதற்கு மேலோ பிடிக்கும். முதல்முறை போடுகிறவருக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். எதுவும் வேண்டாம் என்பதற்கு அடுத்தபடியாக என்னைக் கேட்டால், ஃப்ரீனம்.

நகையில் கஞ்சத்தனம் கூடாது. உடலுக்குள் பொருத்தும் தரமுள்ள டைட்டானியம் நல்லது. புதுப் புண்ணில் வெள்ளி வேண்டாம், நிக்கல் கலந்த கவரிங் வேண்டவே வேண்டாம். வளையம் மெல்லியதாக இருந்தால் வலிக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். மெல்லிய கம்பிதான் நாளடைவில் சதையை அறுத்துக்கொண்டு வரும்.

உங்களுக்குச் சுன்னத் செய்யாதிருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். என்னிடம் ஓர் இளைஞர் வந்தார். புண்ணைக் கழுவ முன்தோலைப் பின்னுக்குத் தள்ளியவர், வலிக்குப் பயந்து அதை முன்னால் கொண்டுவராமலே தூங்கிவிட்டார். விடிந்தபோது, மோதிரம் இறுகிய விரல் போல மொட்டு வீங்கிக் கருநீலமாக இருந்தது. உடனே வந்ததால் அறுவை சிகிச்சை இல்லாமல் தப்பினார். கழுவியதும் தோலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முன்தோல் ஏற்கெனவே இறுக்கமாக இருப்பவர்கள் மருத்துவரிடம் காட்டாமல் குத்தவே கூடாது. சர்க்கரை நோய், இதய வால்வில் கோளாறு, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, தழும்பு புடைத்து வளரும் உடல்வாகு, இதில் ஏதாவது இருந்தாலும் அப்படித்தான்.

அப்புறம் உங்கள் திருமணம். இரண்டு மாதத்தில் ஃப்ரீனமே முழுதாக ஆறும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறாத புண்ணோடு உறவு கொண்டால் தொற்று இருவருக்கும் பரவலாம். ஆணுறையும் வளையத்தில் உரசிக் கிழியலாம். அதைவிட முக்கியம், நீங்கள் மணக்கப்போகும் பெண்ணைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. முதலிரவில் திடீரென்று அதைப் பார்த்தால் அவர் பயந்துபோவார். அவரிடம் பேசாமல் இதைச் செய்யாதீர்கள்.

இப்போது குத்த வேண்டாம். இந்த வாரமே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட ஆரம்பியுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்றும் பாருங்கள். ஹெபடைடிஸ் ஊசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மூன்றாவது ஊசி போடும்போது உங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருக்கும். அப்போதும் ஆசை இருந்தால், இரண்டு பேருமாகப் பேசி முடிவெடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.