வீட்டுக்கு ஒரே ஒரு பொது அறிவு நூல்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வேலூரில் இருக்கிறோம். பிள்ளைகள் புரட்டிப் பார்க்க எல்லாத் துறையும் ஒரே தொகுதியில் அடங்கிய தமிழ் நூல் வேண்டும். பழைய புத்தகக் கடையில் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். அட்டையில் போட்டிருக்கும் ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் 'மறுபதிப்பு' என்றிருந்தால் பெரும்பாலும் பழைய பக்கங்களே திரும்ப அச்சாகியிருக்கும். 'திருத்திய பதிப்பு' எந்த ஆண்டு என்று தேடுங்கள்.

அதையும் நம்மூரை வைத்தே சோதிக்கலாம். திருவண்ணாமலை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தால் செய்தி 1989-க்கு முந்தையது. அரக்கோணமும் ஆம்பூரும் வேலூர் மாவட்டத்திலேயே இருந்தால் 2019-ஐத் தாண்டவில்லை. புளூட்டோ ஒன்பதாவது கோளாக இருந்தால் 2006-க்கு முன் எழுதியது. வரலாற்றுக்கு இது பெரிய குறையில்லை. மாவட்டம், மக்கள்தொகை, அறிவியல் பகுதிகளுக்குத்தான் ஆகாது.

அடுத்து, கடையில் நின்றபடியே சொல்லடைவை, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசையில் காட்டும் பட்டியலை, திறங்கள். தமிழ் நூல்கள் சறுக்குவது இங்கேதான். 'ஆற்காடு', 'ஆர்க்காடு' இரண்டையும் தேடுங்கள். ஒன்றில் செய்தியும் மற்றதில் 'காண்க' என்ற குறிப்பும் இருந்தால் உழைத்துச் செய்த நூல். ஒன்று மட்டும் இருந்தால், வேறு எழுத்தில் தேடும் பிள்ளை 'இதில் இல்லை' என்று மூடிவைத்துவிடும். ஜலகண்டேஸ்வரர் கோயிலைச் 'ச' வரிசையில் தேடாதீர்கள். ஜ, ஷ, ஸ, ஹ வழக்கமாக 'ன' வரிசைக்குப் பிறகு, கடைசியில் வரும். ஃ-இல் தொடங்கும் பெயர்கள் 'ஔ'வுக்கும் 'க'வுக்கும் நடுவில். சொல்லடைவே இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

ஆழம் பார்க்க வேலூர்ச் சிப்பாய்க் கலகத்தை எடுங்கள். '1806 ஜூலை 10' என்ற தேதியோடு நிறுத்தினால் அது வினா-விடைப் புத்தகம்தான். புதிய தலைப்பாகை, தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் வந்த தடை, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் குடும்பம், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி என்று ஏன், எப்படி என்பதையும் பத்து வரியில் சொன்னால் வாங்கலாம்.

கடைசியாகப் புத்தகத்தின் கட்டு. 1,000 பக்கப் புத்தகத்தை நடுவில் விரித்து மேசையில் வையுங்கள். நூலால் தைத்த கட்டு தட்டையாகக் கிடக்கும். வெறும் பசை ஒட்டியது முதுகு வெடித்து, வருஷம் போகப் போகத் தாள் தாளாகக் கையோடு வரும். பழைய பிரதியில் வரைபடப் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூட வேலைக்காகக் கத்தரித்து எடுத்தவை அவைதான் அதிகம்.