பள்ளிக்கூட வாசலில் இருப்பது சாமி இல்லை, தம்பி

தம்பி, மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். கனடாவில் வான்கூவர் பக்கத்திலிருக்கும் இந்தப் பர்னபியில் நியாயமான வாடகை எவ்வளவு, மழைக்கு என்ன வாங்குவது, மகள் சேர்ந்திருக்கும் பள்ளிக்கூட வாசலில் "செவ்விந்தியர் சாமி மாதிரி" ஒரு பெரிய மர வட்டை மாட்டி, கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஏதோ வாசிக்கிறார்களே, அது மதச் சடங்கா, நம் பிள்ளைக்கு வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாமா?

வாடகையில் நியாயம் என்ற பேச்சே இங்கே கிடையாது. மழைக்குத் தொப்பி வைத்த ஜாக்கெட் வாங்குங்கள். மூன்றாவதுக்கு வருகிறேன்.

முதலில் அந்தச் "செவ்விந்தியர்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அதில் "இந்தியர்" என்பது கொலம்பஸ் வழிதவறிப் போய் வைத்த பெயர். நம் பாடப்புத்தகத்தில் படித்ததுதான், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதையே மகள் வகுப்பில் ஆங்கிலத்தில் சொன்னால் அது வசவு. முதற்குடிகள் என்று சொல்லிப் பழகுங்கள்.

எழுதிக் கொடுக்கிற யோசனையும் வேண்டாம். அவர்கள் வாசிப்பது மந்திரம் இல்லை. இந்த நிலம் மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாட்டூத் மக்களுடையது, அவர்கள் இதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்கிற ஒப்புதல். நம் மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதியில் ஒப்பந்தமே போடவில்லை. பட்டா மாற்றாமலே குடியேறிய கதை. செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சுச் சட்டை போட்டு அனுப்பச் சொல்வார்கள், மறக்காமல் அனுப்புங்கள். 1973இல் பில்லிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயது முதற்குடிப் பெண்ணுக்குப் பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சுச் சட்டையை உறைவிடப் பள்ளியில் முதல் நாளே கழற்றி வாங்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு இந்த நாடு முழுவதும் 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடம் என்ற சொல்லே அவர்களில் பலருக்குக் கசப்பு. அதனால்தான் அவர்கள் கைவேலை இன்று பள்ளிக்கூட வாசலிலேயே இருப்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

நம் ஆட்களில் சிலர் "நாமே பிழைக்க வந்தவர்கள், இந்தக் கதையெல்லாம் நமக்கு எதற்கு" என்பார்கள். அதே ஆட்கள் பொங்கல் விழா அழைப்பிதழில் அழகாக இருக்கிறதென்று இணையத்திலிருந்து முதற்குடிகள் உருவங்கள் செதுக்கி நட்ட ஒரு மரக் கம்பத்தின் (totem pole) படத்தை எடுத்துப் போட்டார்கள். அது யாரோ ஒரு குடும்பத்தின் சின்னம். அதைப் பயன்படுத்தும் உரிமை அந்தக் குடும்பத்துக்குத்தான். சொன்னேன், யாரும் கேட்கவில்லை. போதாததற்கு அது வடக்கே ஹைடா மக்களின் பாணி. உயரமான கம்பம் மஸ்குவியம் முதலான இந்த ஊர் சேலிஷ் மக்களின் வழக்கமே இல்லை. இவர்களுடையது வீட்டுத் தூண்கள், வரவேற்புச் சிலைகள், நீங்கள் பார்த்த வட்டு.

அந்த வட்டு என்ன தெரியுமா? தக்கிளியின் வட்டு! மலையாட்டு மயிரையும், கம்பளிக்காகவே வளர்த்த ஒரு வகை நாயின் மயிரையும் சேர்த்துச் சேலிஷ் பெண்கள் நூல் நூற்றார்கள். அந்த நாய் இனம் இப்போது இல்லை. வட்டில் பறவையும் மீனும் செதுக்கியிருப்பார்கள். பிறைத் துண்டுகளும் மூன்று முனைத் துண்டுகளுமாகத் தோண்டி எடுத்தே உருவத்தைக் கொண்டுவருவார்கள். அடுத்த முறை உற்றுப் பாருங்கள். வான்கூவர் விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகள் வந்திறங்கும் பக்கம் தொங்கும் ராட்சத வட்டை நீங்களும் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். மஸ்குவியம் கலைஞர் சூசன் பாயிண்ட் 1995இல் செய்தது.

1998இல் நானும் அதைத் தாண்டித்தான் வந்தேன். தூக்கக் கலக்கத்தில் கோயில் என்று நினைத்துக் கை எடுத்துக் கும்பிட்டேன். என் மனைவி இன்றைக்கும் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பாள். அப்புறம் ராத்திரியில் பீட்சா கடை, பகலில் தூக்கம் என்று நாலு வருஷம். மகன் பள்ளிக்கூடத்தில் அதே போல் ஒரு வட்டைப் பார்த்து "இது எந்தச் சாமி?" என்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, விளக்கினார். எனக்குத்தான் முகம் எரிந்தது. சென்னிமலையில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன், கைத்தொழில் வகுப்பில் தக்கிளி சுற்றியவன், எனக்கே அடையாளம் தெரியவில்லை!

அம்மாவிடம் சொல்லி, ஊரிலிருந்து வந்த ஒருவர் மூலம் பாட்டியின் தக்கிளியை வரவழைத்தேன். மல்லிப் பொடிப் பொட்டலத்துக்குள் சுருட்டி அனுப்பியிருந்தார். மகன் அதை வகுப்புக்குக் கொண்டுபோன அன்று அந்த வட்டைச் செதுக்கியவரும் வந்திருந்தார். பெரியவர். வாங்கி மோந்து பார்த்தார், விரலில் வைத்துச் சுண்டினார், வலமாகச் சுற்றுவீர்களா இடமாகவா என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. அன்று ராத்திரியே போன் கார்டு வாங்கி அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இதைக் கேக்கவா இத்தனை காசு கட்டிக் கூப்பிடற?" என்று வைத்துவிட்டார்.