ஜெர்மன் வீரரின் அடையாளத் தகட்டில் பெயர் இல்லையென்றால் அது போலியா?

பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்துவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியத் தரைப்படைத் தகடுகளில் பொதுவாகப் பெயர் பொறிக்கப்பட்டதில்லை. துத்தநாகத்திலோ அலுமினியத்திலோ செய்த அந்த நீள்வட்டத் தகட்டின் குறுக்கே ஒடிப்பதற்கான வெட்டுகள் இருக்கும். படைப்பிரிவின் சுருக்கப் பெயரும் வரிசை எண்ணும், பலவற்றில் ரத்த வகையும், இரு பாதிகளிலும் ஒன்றுபோலப் பொறிக்கப்பட்டிருக்கும். வீரர் இறந்தால் ஒரு பாதியை ஒடித்து எடுத்துக்கொண்டு மறுபாதியை உடலோடு விட்டுவிடுவார்கள் என்பதே காரணம். தகட்டிலுள்ள பிரிவு, அதை வழங்கிய பிரிவுதான். பெரும்பாலும் பயிற்சிப் பிரிவு. அவர் போரிட்ட பிரிவு வேறாக இருக்கலாம்.

அசல்தானா என்று பார்க்க நல்ல வழி, வீரர் சட்டைப்பையில் வைத்திருந்த 'சோல்ட்புக்' என்னும் சம்பளப் புத்தகம்: அதன் முதல் பக்கத்திலேயே தகட்டின் எழுத்தும் எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். புத்தகம் இல்லையென்றால், இத்தகடுகளின் பழைய பதிவேடுகளை 2019 முதல் தன்வசம் வைத்திருக்கும் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்திடம் கேட்கலாம்.

மண்ணில் கிடந்து அரித்துப்போன, ஒடிக்கப்படாத முழுத் தகட்டை மட்டும் நான் வாங்கமாட்டேன். அது அடையாளம் காணப்படாத ஓர் உடலிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டதாக இருக்கலாம். தகடு போனால் அந்த எலும்புகளுக்குப் பெயர் கிடைக்கும் வாய்ப்பும் பெரும்பாலும் போய்விடும்.