கணினி வரைபடத்தில் எந்த அளவுக்கு எவ்வளவு டாலரன்ஸ் என்று எப்படி முடிவு செய்வது?

பெங்களூருவில் ஒரு டிசைன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், வரைபடத்தில் உள்ள எல்லா அளவுகளுக்கும் ±0.05 மி.மீ. டாலரன்ஸ் (அளவு இவ்வளவு கூடவோ குறையவோ செய்யலாம் என்ற அனுமதி) போட்டுவிட்டால் பாதுகாப்பாக இருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள பட்டறைகளுக்கு வரைபடம் அனுப்பி உதிரிபாகங்கள் செய்து வாங்குவதும், அனுப்பும் முன் அந்த வரைபடங்களைச் சரிபார்ப்பதும் என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஒரே பாகத்தில் அந்த ±0.05 ஓரிடத்தில் தேவையில்லாத இறுக்கமாகவும் இன்னோரிடத்தில் ஆபத்தான தளர்வாகவும் இருக்கும்.

இந்தப் பட்டறைகளில் இருக்கும் நம் தமிழ் மெஷினிஸ்டுகள் பலர் வரைபடத்தைக் கையில் வாங்கியதும் "சார், இது எதுல போய் உட்காருது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். டாலரன்ஸ் தீர்மானிப்பதற்கு இதைவிடச் சரியான தொடக்கம் எனக்குத் தெரியாது. மற்றொரு பாகத்தோடு சேராத, எதையும் தாங்காத, எதற்கும் வழிகாட்டாத ஒரு முகத்துக்குத் தனியாக டாலரன்ஸ் எழுத வேண்டிய அவசியமே இல்லை. அப்படிப்பட்ட அளவுகளுக்கு, வரைபடத்தின் மூலையில் உள்ள விவரக் கட்டமான டைட்டில் பிளாக்கில் ஒரே ஒரு வரியாக ஐஎஸ்ஓ 2768 மீடியம் என்று குறித்தால் போதும். அந்தத் தரநிலைப்படி 6 முதல் 30 மி.மீ. வரையிலான அளவுக்கு ±0.2, 30 முதல் 120 வரை ±0.3, 120 முதல் 400 வரை ±0.5 மி.மீ. கிடைக்கும். இந்தியத் தரநிலையில் இதற்கு இணையானது ஐஎஸ் 2102. சாதாரண லேத்தும் மில்லிங்கும் சிரமமின்றித் தரக்கூடிய அளவுகள் இவை. 400 மி.மீ. நீளமுள்ள ஒரு மூடித் தகட்டுக்கு நீங்கள் ±0.05 கேட்டால், விலை சொல்பவர் அதைப் படித்துத்தான் விலை சொல்வார், அந்தப் பணத்தால் தகட்டின் வேலை ஒரு துளியும் மேம்படாது.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். ஒரு ஷாஃப்டில், அதாவது சுழலும் தண்டில், 6205 என்ற எண்ணுள்ள பேரிங் உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. சாதாரண வகுப்பு பேரிங்கில் உள்விட்டம் 25.000 இலிருந்து 24.990 வரை இருக்கலாம். ஷாஃப்டுக்கு நீங்கள் 25 ±0.05 என்று எழுதினால், 24.95 வந்த ஷாஃப்டில் பேரிங் 0.05 மி.மீ. தளர்ந்து சுழலும், 25.05 வந்த ஷாஃப்டில் 0.06 மி.மீ. வரை இறுகி, பேரிங்கின் உள் இடைவெளியையே தின்றுவிடும். இரண்டு ஷாஃப்டுகளும் உங்கள் வரைபடத்தின்படி சரியானவையே, அவற்றைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை கிடையாது. அதே இடத்தில் 25 கே6 (k6) என்று எழுதினால் ஷாஃப்ட் 25.002 முதல் 25.015 வரை மட்டுமே இருக்கும், பேரிங் எந்த அளவில் வந்தாலும் 2 முதல் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) வரை இறுக்கம் உறுதி. உள்வளையம் சுழலும்போது வேண்டியது அதுதான். பேரிங்கின் வெளிவளையம் அமரும் கூடான ஹவுசிங் பக்கம் 52 எச்7 (H7), அதாவது 52.000 முதல் 52.030 வரை. பேரிங்கின் வெளிவிட்டம் 51.987 வரை குறையலாம் என்பதால் இடைவெளி 0 முதல் 43 மைக்ரானுக்குள் நிற்கும். துளைக்குப் பெரிய எழுத்து, தண்டுக்குச் சிறிய எழுத்து என்ற இந்த முறை ஐஎஸ்ஓ 286 தரநிலையில் உள்ளது. அதன் அட்டவணையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனித்தனி அளவுகள் சரியாக இருந்தும் பாகங்கள் சேரும்போது பொருந்தாமல் போவதற்குக் காரணம், டாலரன்ஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று கூடுவது. மேலே சொன்ன ஹவுசிங்கில் இரண்டு பேரிங்குகளும் அவற்றைப் பிரித்து வைக்கும் வளையமாக நடுவில் 50 மி.மீ. ஸ்பேசரும் இருக்கின்றன, ஹவுசிங்கின் ஆழம் 80.3 மி.மீ., மீதமுள்ள 0.3 இடைவெளியோடு மூடி வந்து அமர வேண்டும் என்று கொள்வோம். ஸ்பேசரையும் ஆழத்தையும் பொது டாலரன்ஸான ±0.3 க்கு விட்டுவிட்டால், ஆழம் குறைந்தபட்சம் 80.0, உள்ளே செல்பவை அதிகபட்சம் 80.3. மூடி அமரவே அமராது. பேரிங்கின் அகலமோ 15 இலிருந்து 0.12 வரை குறைந்து வரலாம் (உள்விட்டத்தில் 10 மைக்ரானுக்குக் கணக்குப் பார்க்கும் பேரிங், அகலத்தில் இவ்வளவு தாராளமாக இருப்பது புதியவர்கள் பலர் கவனிக்காத விஷயம்). ஸ்பேசருக்கும் ஆழத்துக்கும் மட்டும் ±0.05 கொடுத்தால் இடைவெளி 0.20 முதல் 0.64 வரை வரும். நீங்கள் விரும்பிய அந்த எண்ணுக்கு உரிய இடம் இங்கேதான், ஏனென்றால் ஸ்பேசரின் இரு முகங்களை லேத்தில் சீவி அந்த அளவுக்குள் கொண்டுவருவது கடினமில்லை. ஆனால் அந்த 80.3 ஆழத்தை நேரடியாக ஓர் அளவாகக் கொடுக்க வேண்டும். நான்கு படிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சுமார் 20 மி.மீ. என்று வரிசையாகக் கொடுத்துவிட்டால், ஒவ்வொன்றிலும் ±0.2 சேர்ந்து மொத்தம் ±0.8 ஆகிவிடும். பத்து இருபது எண்ணிக்கையில் செய்யும் பாகங்களுக்கு இப்படி மோசமான நிலையைக் கூட்டிப் பார்ப்பதே நல்லது. டாலரன்ஸ்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கும் புள்ளியியல் முறை, ஆயிரக்கணக்கில் செய்யும்போதும் உற்பத்தி நிலையாக இருக்கும்போதும்தான் நம்பத்தக்கது.

மென்பொருளில் பதியும்போது சில இடங்களில் கவனம் தேவை. ஆட்டோகேடில், மேல் கீழ் எல்லைகளைத் தனித்தனியாகப் பதியும் டீவியேஷன் முறையில் கீழ் எல்லைக்கு அது தானாகவே கழித்தல் குறி போடும். எனவே கே6 போல இரண்டு எல்லைகளும் கூட்டலாக வரும் இடத்தில் மேலே 0.015, கீழே −0.002 என்று பதிந்தால்தான் வரைபடத்தில் +0.002 என்று வரும். டாலரன்ஸின் தசம இலக்கங்களை மூன்றாக வைக்காவிட்டால் அந்த 0.002 காணாமல் போய் 0.00 என்று அச்சாகும். அளவின் எழுத்தை அழித்துக் கையால் வேறு எண்ணைத் தட்டுவதை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள், பின்னால் உருவம் மாறினாலும் அந்த எண் மாறாது. சாலிட்வொர்க்ஸில் ஃபிட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மதிப்புகளை அதுவே எடுத்துக்கொள்ளும், ஆனால் முப்பரிமாண மாடல் 25.000 என்ற பெயரளவிலேயே நிற்கும். சிஎன்சி புரோகிராம் போடுபவர் வரைபடத்தைப் பார்க்காமல் மாடலை மட்டும் எடுத்துக்கொண்டால் கே6 ஷாஃப்ட் 25.000 ஆகவே வந்து, எல்லைக்கு வெளியே நிற்கும். ஆகையால் மாடலை அனுப்பும்போது பிடிஎஃப் வரைபடத்தையும் சேர்த்து அனுப்பி, அதுவே இறுதியானது என்று எழுதுங்கள்.

ஷாஃப்டின் இரு முனைகளிலும் விட்டம் கே6 ஆக இருந்தும், இரண்டும் ஒரே அச்சில் இல்லாமல் போகலாம். ஐஎஸ்ஓ 8015 முறைப்படி அளவு டாலரன்ஸ் அதைக் கட்டுப்படுத்தாது, ரன்அவுட் (சுழலும்போது முகம் ஆடும் அளவு) அல்லது ஒரே அச்சுத்தன்மையைத் தனியாகக் குறிக்க வேண்டும். போல்ட் துளைகளின் இடத்துக்கும் ±0.1 என்பதற்குப் பதில் துளையின் மையம் நிற்க வேண்டிய 0.28 விட்ட வட்டமாகப் பொசிஷன் டாலரன்ஸ் கொடுத்தால், பொருத்தம் கெடாமல் பட்டறைக்குச் சுமார் 54 சதவீதம் கூடுதல் பரப்பு கிடைக்கும். இவை தனிப் பதிலாக விரிக்க வேண்டியவை.

எழுதிய அளவை அளக்க முடியுமா என்பதையும் அவசியம் யோசியுங்கள். மீச்சிற்றளவு 0.02 மி.மீ. உள்ள வெர்னியரால் 13 மைக்ரான் எல்லை கொண்ட ஷாஃப்டைத் தீர்ப்புச் சொல்ல முடியாது, நல்ல மைக்ரோமீட்டர் வேண்டும், எச்7 துளைக்கு, உள்விட்டத்தைச் சோதிக்கும் டயல் போர் கேஜோ பிளக் கேஜோ வேண்டும். அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்கானவை. பெங்களூருவில் ஏப்ரல் மாத மதியத்தில் பட்டறைக்குள் 30 டிகிரியைத் தாண்டும்போது, அலுமினிய ஹவுசிங்கின் 52 மி.மீ. துளை ஏறக்குறைய 12 மைக்ரான் விரிந்திருக்கும், எஃகு கேஜ் அதில் பாதிதான் விரியும். அதேபோல, 8 மைக்ரான் துத்தநாகப் பூச்சு ஷாஃப்டின் விட்டத்தை 16 மைக்ரான் கூட்டும், அது கே6 எல்லை முழுவதையும்விட அதிகம். பேரிங் அமரும் இடத்தில் பூச்சு வேண்டாம் என்றோ, அளவுகள் பூச்சுக்குப் பிந்தையவை என்றோ வரைபடத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

வரைபடத்தை முடிக்கும் முன் பட்டறைக்கு ஒருமுறை அனுப்பி, எந்தெந்த முகத்துக்கு கிரைண்டிங் தேவைப்படும் என்று கேளுங்கள். பேரிங் அமரும் இரண்டு இடங்களைத் தவிர வேறு எந்த முகத்தையாவது அவர்கள் குறிப்பிட்டால், அந்த அளவு எதில் போய் உட்காருகிறது என்று பார்த்து, எதிலும் இல்லையென்றால் அங்கே எழுதிய டாலரன்ஸை எடுத்துவிட்டுப் பொது டாலரன்ஸுக்கு விடுங்கள்.